வெதுவெதுப்பான நீர்

ஜூன் 12, புதன்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே தீர வேண்டும் என்றால் படித்துக்கொள்ளுங்கள். என் அப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்பா யார் என்று கேட்கும் ஆள் மணக்கரைப்புதூரில் கிடையாது. பேருந்து நிலையத்தில் ஒரு சுவர் விடாமல் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

என் பெயர் சண்முகவடிவு. பத்தாம் வகுப்பு. அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அறைக்கு வெளியே சத்தம் கேட்டால் நோட்டைத் திருப்பிவிடுவேன், முன்பக்கத்தில் தவளையின் இதயம் இருக்கிறது.

எங்கள் பேரூராட்சித் தலைவர் என் அம்மா. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் என்பதால் அப்பா அம்மாவை நிறுத்தி, அப்பாவே ஓட்டுக் கேட்டு, அப்பாவே ஜெயித்தார். வாசல் பலகையில் ‘ஆவுடைச்செல்வி தங்கப்பழம், தலைவர்’ என்று இருக்கும். அதில் ‘தங்கப்பழம்’ மட்டும் பரங்கிக்காய் அளவு. அது அப்பா பெயர். ஊரில் தலைவர் என்றால் அவர்தான். அம்மா ‘தலைவர் வீட்டம்மா’. மன்றக் கூட்டம் எங்கள் ஹாலில் நடக்கும். முடியும்போது அம்மாவைக் கூப்பிடுவார்கள். புளி கரைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவாள். காகிதத்தில் என்ன இருந்தது என்று ஒருமுறை கேட்டேன். “தெருவிளக்கோ என்னவோ” என்றாள்.

இன்று மாலை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்தார்கள். செருப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை.

“தலைவர் இருக்காங்களா?”

அம்மா அடுக்களையிலிருந்து ஒரு எட்டு வெளியே வந்தாள். அப்பா நாற்காலியில் இருந்தபடியே, “நாந்தான், சொல்லுங்க டாக்டர்” என்றார். அம்மா அந்த ஒரு எட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கீழத்தெரு முழுக்க வயிற்றுப்போக்கு, வாந்தி. கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் போட்டு குளுக்கோஸ் ஏற்றுகிறார்களாம். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

“முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. எல்லாரும் தண்ணியக் கொதிக்கவச்சுதான் குடிக்கணும்னு இன்னைக்கே அறிவிச்சிருங்க.”

“செஞ்சிருவோம் டாக்டர். எங்களுக்கு மக்கள்தான முக்கியம்!” என்றார் அப்பா. அவர்கள் போனதும் காலண்டரைப் பார்த்தார். இருபத்திரண்டாம் தேதி ஆனித் தேரோட்டம். கோயிலில் தலைவருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். வடத்தை முதலில் தொடுவதும் தலைவர்தான். எந்தத் தலைவர் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அப்பா ஏற்கெனவே பட்டு வேட்டி வாங்கிவிட்டார். நோய் என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் தேரை நிறுத்திவிடுவார்கள். வேட்டி என்ன ஆவது?

ஜூன் 13, வியாழன்

இன்று ஹாலில் ஒரு அறிவிப்பை எழுதினார்கள். ஒரு மத்தியானம் முழுக்க. திருக்குறளுக்கு உரை எழுதியவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

அப்பா, செயல் அலுவலர் குணபாலன் சார், இரண்டு கவுன்சிலர்கள். செயல் அலுவலரை ஊரே ஈ.ஓ. என்றுதான் சொல்லும். அரசாங்கம் அவரை அனுப்பியிருப்பது சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க. அவர் பார்ப்பது அப்பாவின் முகத்தை.

“காலரா கீலரான்னு ஒரு வார்த்தை வரப்பிடாது” என்றார் அப்பா.

“வராது அண்ணாச்சி. ‘பருவகால வயிற்று உபாதை’ன்னு போட்டிருக்கேன்.”

“உபாதைன்னா என்ன வே?”

“யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. அதான் போட்டேன்.”

அப்பாவுக்கு அது பிடித்தது. அடுத்த வரியில்தான் முட்டிக்கொண்டது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டில் ‘நன்கு கொதிக்க வைத்து ஆறவைத்த நீர்’ என்று இருந்தது.

“‘கொதிக்க’ங்கறது வேண்டாம். நாளைக்கே எதிர்க்கட்சிக்காரனுவ ‘மணக்கரைப்புதூர் மக்கள் கொதிக்கிறார்கள்’னு போஸ்டர் ஒட்டுவானுவ. வார்த்தைய நாமளே எடுத்துக் குடுக்கவா?”

“அப்பம், ‘காய்ச்சி’ன்னு வைப்பமா?” என்று கேட்டார் ஒரு கவுன்சிலர். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பாவின் சித்தப்பா சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவர். அது நான் பிறப்பதற்கு முந்தைய கதை. ஆனாலும் இன்றுவரை எங்களைக் ‘காய்ச்சுற வீடு’ என்று சொல்லிச் சிரிக்கிற ஆட்கள் ஊரில் உண்டு. ‘காய்ச்சிக் குடியுங்கள், இப்படிக்குத் தங்கப்பழம் குடும்பம்’ என்று ஒலிபெருக்கியில் போனால் எப்படி இருக்கும்! நான் தலையைக் குனிந்து தவளையின் இதயத்துக்கு நிறம் தீட்டினேன்.

“சூடாக்கி?”

“எம்புட்டுச் சூடுன்னு கேப்பான். பெறவு எதுக்குச் சூடுன்னு கேப்பான்.”

கடைசியில் ஈ.ஓ. சார் கண்ணை மூடிக்கொண்டு, சாமி வந்தவர் மாதிரி சொன்னார்: “வெதுவெதுப்பான நீர் அருந்துங்கள்.”

“ஆங்!” என்றார் அப்பா. “எம்புட்டு எதமா இருக்கு! கேட்டா பயமே வரல பாத்தீரா?”

அடுக்களை வாசலில் நின்ற அம்மா, யாரையும் பார்க்காமல், “வெதுவெதுப்புல கிருமி சாவுமா?” என்று கேட்டாள்.

அப்பா சிரித்தார். “ஏட்டி, காப்பி எங்க?”

பிறகு என்னைக் கூப்பிட்டார். மாவட்டப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். “எம் மவ கொரலு இருக்கையில கூலிக்கு ஆள் எதுக்கு?” மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் துண்டை அடைத்து, அப்பாவின் ஃபோனில் பதிவு செய்தோம்.

“மணக்கரைப்புதூர் பேரூராட்சிப் பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. நமது குடிநீர் தூய்மையானது. பருவகால வயிற்று உபாதையிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள வெதுவெதுப்பான நீரை அருந்துங்கள். வதந்திகளை நம்பாதீர்கள். இவண், தங்கள் நலம் நாடும் ஆவுடைச்செல்வி தங்கப்பழம்.”

‘கனிவான’ என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கினேன். ‘நலம் நாடும்’ என்ற இடத்தில் ஒரு சிறு இடைவெளி விட்டேன். நன்றாக வந்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் வந்தது. அப்பா என் தலையில் கை வைத்தார். அவர் அப்படி வைத்து நெடுநாளாகிறது.

ஜூன் 14, வெள்ளி

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். உதடு வீங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுக் குளியலறை அம்மாவுக்கு மட்டும்தான் வழுக்கும்.

முத்துக்குட்டி அண்ணனின் ஆட்டோ என் குரலைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போகிறது. பள்ளிக்கூட ஜன்னல் வழியாக நாலாம் பாடவேளையில் நானே வந்தேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. தமிழ் ஐயா பாடத்தை நிறுத்தி, “ழகரம் ளகரம் எவ்வளவு சுத்தம், கேளுங்க!” என்றார். அந்த அறிவிப்பில் ழகரம் வருவது அப்பா பெயரில் மட்டும்தான். ஐயாவும் ஓட்டுக்காகத்தான் நிற்கிறார்போலிருக்கிறது.

ஜெபசெல்வி என் பக்கத்தில்தான் உட்காருவாள். காதோரமாக, “கனிவான கவனத்திற்கு, எனக்கு உன் ரப்பரைத் தருக” என்றாள். பாடவேளை முழுக்கச் சிரித்தோம்.

ஜூன் 15, சனி

புகைப்படம் எடுக்க வந்தார்கள். தலைவரே குழாய்த் தண்ணீர் குடிக்கிறார் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் கேன் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் நாங்கள் பாத்திரம்கூடக் கடைசி அலசல் அலசுவதில்லை. கேனிலிருந்து கண்ணாடித் தம்ளரில் பிடித்து, குழாயடிக்குக் கொண்டுபோய், குழாயைத் திறந்துவிட்டு, அதன் முன்னால் நின்று அப்பா குடித்தார். முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டார். இரண்டாவதில் ஈ.ஓ. சாரின் கை விழுந்தது. மூன்றாவதில் பின்னால் ஒரு நாய் காலைத் தூக்கியது. நாலாவது தம்ளரைக் குடிக்கும்போது அப்பாவுக்கு ஏப்பம் வந்தது. அம்மாவும் படத்தில் இருக்க வேண்டும், ஆனால் உதட்டைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். “அடக்கமா இருக்கு” என்றார் ஈ.ஓ. சார்.

ஜூன் 17, திங்கள்

வகுப்பில் முன் இரண்டு பெஞ்சும் காலி. ஜெபசெல்வியும் வரவில்லை.

கீழத்தெருவில் பஸ் கண்டக்டர் ஒருவர் இறந்துவிட்டார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. “அவருக்கு ஹார்ட்டு” என்று ஈ.ஓ. சார் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். இருந்திருக்கும். எல்லாருக்கும் இருக்கிறது, ஈ.ஓ. சாரைத் தவிர.

ஜூன் 18, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் ஜெபசெல்வி வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். வராந்தா முழுக்கப் பாய். ஜன்னல் கம்பிகளில் குளுக்கோஸ் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பினாயில் வாசனையும் மற்ற வாசனையும்.

கடைசிப் பாயில் கிருபா கிடந்தாள். ஜெபசெல்வியின் தங்கை, நாலு வயது. என்னைப் பார்த்தால் ஓடிவந்து பையில் மிட்டாய் தேடுகிறவள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, யாரோ வேறு பிள்ளை மாதிரி இருந்தாள். ஜெபசெல்வி அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் அம்மா ரூபி சித்தி என்னைப் பார்த்ததும் எழுந்துவந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஏதோ கேள்வி கேட்டுவிட்ட மாதிரி விளக்கம் சொன்னார்கள்.

“நீ சொன்னபடிதாம்மா குடுத்தேன். பச்சத் தண்ணி ஒரு மடக்குக் குடுக்கல. வெதுவெதுன்னு ஆக்கி, கைய உட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். முன்ன எல்லாம் கொதிக்கவச்சு ஆத்தித்தான் வைப்பேன், பிள்ளைக்கு. ஆட்டோல வெதுவெதுப்பாத்தான் குடுக்கணும்னு வந்துச்சா, சரி, கொதிச்ச தண்ணி ஒத்துக்காதுபோலன்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா அந்தப் பக்கமாக வந்தார்கள். இதைக் கேட்டுவிட்டார்கள்.

“எந்த மடையன் வெதுவெதுப்புன்னு எழுதினான்? அதுல கிருமி சொகமால்ல இருக்கும். நான் எழுதிக்கொடுத்தது வேற!”

கிருபாவுக்குச் சிறுநீர் வரவில்லை, மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கிறது என்றார்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாயைத் திறந்துவிட்டேன்.

“டாக்டர், கிருபாவுக்குச் சரியாயிரும்ல?”

அவ்வளவுதான் கேட்டேன். பாய்களில் கிடந்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. குரல் தெரியும். டாக்டரம்மாவும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அடுத்த பாய்க்குப் போய்விட்டார்கள்.

வீடு வரைக்கும் யாரிடமும் பேசவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோதும் தலையைத்தான் ஆட்டினேன்.

ஜூன் 19, புதன்

காலையில் அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். பட்டு வேட்டிக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தது. அதனால் கேட்டேன்.

“எப்பா, அந்த அறிவிப்புல ஒரு வார்த்தைய மட்டும் மாத்திப் படிக்கட்டா? கொதிக்கவச்சுன்னு. எல்லாரும் வெதுவெதுப்பாக் குடிச்சுக்கிட்டு இருக்காவ.”

“தேர் நெலைக்கு வரட்டும். பெறவு பாப்போம்.”

“அதுக்குள்ள இன்னும் நெறையப் பேரு…”

“ஏ பிள்ள, போன வாரம் தூய்மையான தண்ணின்னு சொல்லிட்டு இன்னைக்குக் கொதிக்கவைன்னா ஊரு என்ன கேக்கும்? போன வாரம் சொன்னது பொய்யான்னு கேக்கும்ல?”

“ஒரு வார்த்ததானப்பா.”

“ஒரு வார்த்ததான். அதான் வேண்டாங்கேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா சிரித்துவிட்டால் அதற்குமேல் நான் கேட்பதில்லை. தேருக்கு வருகிறவர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போடப்போகிறாராம். அம்மா பெயரில். மோருக்குத் தண்ணீர் குழாயடியிலிருந்து. அத்தனை பெரிய அண்டாவுக்கு கேன் தண்ணீர் கட்டுப்படியாகாதாம்.

நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, அம்மா அப்பாவிடம் போய், “பிள்ள சொல்லுதது சரிதான” என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த நான் வேகமாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நேரமாகிவிட்டது. மணி அடித்திருப்பார்கள்.

மணி அடித்திருக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

அம்மா முழுக்கை ரவிக்கை போட்டிருக்கிறாள். இந்த வெயிலில்.

ஜெபசெல்வி அரைநாள் வந்தாள். கிருபா மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ரத்தத்தைச் சுத்தப்படுத்துகிற இயந்திரத்தில் வைத்திருக்கிறார்களாம். வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. இடைவேளையில் எதிரே வந்தபோது, “நீ நல்லாப் படிச்சிருந்தடி. எங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு” என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் முத்துக்குட்டி அண்ணனை டீக்கடைப் பக்கம் பிடித்தேன். நானே வேறு மாதிரி பேசித் தருகிறேன், அதைப் போடுங்கள் என்று கெஞ்சினேன்.

“எனக்குந் தெரியாதா பாப்பா? என் வீட்ல கொதிக்கவச்சுத்தான் குடிக்கோம். ஆட்டோக்குள்ள ஒக்காந்து ஒன் கொரலக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாயிட்டு. ஆனா தலைவர் சொல்லாம மாத்துனா என் ஆட்டோவ ஆத்துல உருட்டிருவாவ. தலைவர் ஒரு வார்த்த சொல்லட்டும், இந்தா நிமிஷத்துல போடுதேன்.”

இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எல்லாரும் வீட்டில் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு, வெளியே வந்து வெதுவெதுப்பாக இருக்கிறார்கள். தெரியாமல் கேட்டு நடந்தவர்கள் ரூபி சித்தி மாதிரி கொஞ்சம் பேர்தான். அவர்கள்தான் வராந்தாவில் கிடக்கிறார்கள்.

ஜூன் 21, வெள்ளி

நாளை தேர். பள்ளிக்கூடத்துக்கு இன்றே உள்ளூர் விடுமுறை. அப்பா விடியும் முன்பே கோயிலுக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார்கள். அப்பா ஃபோனை எடுக்கவில்லையாம். அம்மா அவர்களை உட்காரச் சொன்னாள். மற்ற நாற்காலிகள் பந்தலுக்குப் போயிருந்தன, அப்பாவின் நாற்காலி மட்டும்தான் இருந்தது, அதனால் அதில்தான் உட்கார்ந்தார்கள்.

“முடிவு வந்திருச்சும்மா. காலராதான். மாவட்டத்துக்கு அனுப்பிட்டேன். அங்கேருந்து ஆளும் உத்தரவும் வர்றதுக்கு எப்படியும் நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும். அதுக்குள்ள தேர் முடிஞ்சு, வெளியூர்க்காரங்க அத்தனை பேரும் உங்க பந்தல்ல மோர் குடிச்சிட்டு ஊருக்குப் போயிருப்பாங்க.”

“என் பேரு போட்ட பந்தல்” என்றாள் அம்மா.

“ஆமா.”

“நல்லாக் கொதிச்சா சாவுமா டாக்டர்?”

“செத்துரும். உங்க சார்கிட்ட எப்படியாவது எடுத்துச் சொல்லுங்க.”

டாக்டரம்மா போன பிறகு அம்மா அடுக்களைக்குப் போனாள். கேஸ் அடுப்பில் குழம்பு இருந்தது. அதை அணைத்தாள். நான் முத்துக்குட்டி அண்ணன் சொன்னதை அவளிடம் சொன்னேன். தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், என்றேன்.

“நம்பரு இருக்கா?”

போட்டுக் கொடுத்தேன். அம்மா ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வதற்கு முன்னால் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். எதற்கென்று தெரியவில்லை. அவர் பேசுவது எனக்கும் கேட்டது.

“முத்துக்குட்டி, தலைவர் பேசுதேன்.”

“யாரு, மதினியா? அண்ணாச்சி பக்கத்துல இருக்காவளா? குடுங்க.”

“தலைவர் பேசுதேன்னு சொன்னேன்.”

அந்தப் பக்கம் ஆட்டோவின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

“சொல்லுங்க மதினி.”

“பழசப் போடுறத நிறுத்து. பிள்ள புதுசு பேசி அனுப்புவா. ஒரு தெரு பாக்கி இருக்கக் கூடாது. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

“கேப்பாவ மதினி.”

“கேக்கட்டும்.”

எழுத உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல ‘கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்கினேன். “கனிவெல்லாம் வேண்டாம்” என்றாள் அம்மா. மின்விசிறியை நிறுத்தவில்லை, ஜன்னலை அடைக்கவில்லை. அம்மா சொல்லச் சொல்லப் படித்தேன்.

“மணக்கரைப்புதூர் மக்களே. நம் ஊரில் காலரா வந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்கிறது. வெதுவெதுப்பாக்கினால் போதாது. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடியுங்கள். நாளை நீர்மோர்ப் பந்தலில் யாரும் எதுவும் குடிக்க வேண்டாம். முன்பு நாங்கள் சொன்னது தவறு. இவண், பேரூராட்சித் தலைவர் ஆவுடைச்செல்வி.”

நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன். தங்கப்பழம் படிக்க வேண்டாமா என்று கேட்டேன்.

“ஆவுடைச்செல்வி போதும்.”

குரல் இரண்டு இடத்தில் நடுங்கியது. மறுபடி பேசுகிறேன் என்றேன். “நடுங்குனாத்தான் நம்புவாவ, அனுப்பு” என்றாள்.

மத்தியானம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஆட்டோ வந்த தெருவிலெல்லாம் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீரை வாசலில் கொட்டினார்கள். வெயிலில் தெரு முழுக்க ஈரம். கீழத்தெருவில் முற்றத்தில் கல் கூட்டி அண்டா வைத்துக் கொதிக்கவைத்தார்கள், புகை கோபுரத்துக்கு எதிரே எழும்பியது. ஊர் கொதிக்கிறது என்று போஸ்டர் அடிக்கலாம். ஜெபசெல்விக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. கிருபா இன்னும் இயந்திரத்தில்தான்.

அப்பாவுக்குக் கடைசியாகத்தான் தெரிந்திருக்கிறது. ஆட்டோவில் என்ன ஓடுகிறது என்று அவர் ஒருநாளும் காது கொடுத்ததில்லை. சாயங்காலம் தேரடியில், தர்மகர்த்தாவோடு நின்று பரிவட்டத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மகளின் குரலே அவருக்குப் பின்னால் வந்து ‘காலரா’ என்றதாம். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்களாம். மாலை ஆறு மணிக்கு முத்துக்குட்டி அண்ணன் பின்வாசல் வழியாக வந்து இதைச் சொன்னார். சட்டை கிழிந்திருந்தது.

“ஒயர எல்லாம் அத்துட்டாவ மதினி. ஆனா அதுக்குள்ள எல்லாத் தெருவும் ஒரு சுத்து முடிஞ்சுது. நீங்க சொன்னீயன்னு சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிருங்க.”

“சரியாத்தான சொல்லிருக்க. ஒனக்கு அடி ஏதும்?”

“எனக்கு ஒண்ணுமில்ல மதினி. நீங்க ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருங்களேன், இன்னைக்கு மட்டும்.”

“நாளைக்குப் பந்தலப் பிரிக்கணும். யாரு பிரிப்பா?” என்றாள் அம்மா.

இப்போது என் அறையில் இருக்கிறோம். அம்மா தலையணையையும் ஃபோனையும் இங்கே கொண்டுவந்துவிட்டாள். அப்பா வெளியே இருக்கும்போது வாசல் கதவைத் தாழிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இன்று அம்மா தாழிட்டாள். பிறகு என் அறைக் கதவையும் தாழிட்டு, மேசையைக் குறுக்கே இழுத்தாள். காவல் நிலையத்துக்கும் டாக்டரம்மாவுக்கும் பேசிவிட்டாள். காவல் நிலையத்தில், “தலைவர்கிட்ட கேட்டுட்டு வர்றோம்மா” என்றார்களாம். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அழுகை மாதிரிச் சிரிப்பு. டாக்டரம்மா மட்டும் உடனே கிளம்புகிறேன் என்றார்களாம்.

நோட்டை மறைக்கப் பார்த்தேன். அம்மா, “எழுது எழுது. ரொம்ப நாளா எழுதுதன்னு தெரியும்” என்றாள்.

“படிச்சியாம்மா?”

“கொஞ்சம். என்னப் பத்தி எழுதியிருந்த எடத்தப் படிக்கல. நீ பாத்துக்கிட்டுத்தான் இருக்கன்னு தெரியும், அதயும் படிக்கணுமா?”

நான் என்ன பார்த்தேன் என்று இதில் எங்கேயும் எழுதவில்லை. குளியலறை என்றுதான் எழுதியிருக்கிறேன். நாளைக்கு எல்லாவற்றையும் உள்ளபடி எழுத வேண்டும், தேதி போட்டு.

கார் வந்து நின்றது. வாசல் கதவைத் தள்ளிப் பார்க்கிறார்கள். ஒருமுறை. மறுபடி. பிறகு பின்வாசல் பக்கம் செருப்புச் சத்தம். முத்துக்குட்டி அண்ணன் போனதும் பின்வாசலைத் தாழிட்டோமா? அம்மா என்னைப் பார்க்கிறாள். அவளுக்கும் ஞாபகம் இல்லை.

அடுக்களையில் ஏதோ உருண்டது. ஹாலில் விளக்கு எரிகிறது, கதவிடுக்கில் வெளிச்சம். இப்போது இந்த அறைக் கதவைத் தட்டுகிறார். மெதுவாக, விருந்தாளி தட்டுகிற மாதிரி. அம்மாவின் பெயரைக் கூப்பிடவில்லை. “வடிவு, கதவத் தெறம்மா” என்று என்னைத்தான் கூப்பிடுகிறார். அம்மா எழுந்து எனக்கும் கதவுக்கும் நடுவில் போய் நிற்கிறாள், பதில் சொல்லாதே என்று கையைக் காட்டுகிறாள், நான் எழுதிக்கொண்டே